வாடகைப் படகும் வரம்பும்

கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு அவருடையது. பயிர் செய்கிறவருக்கு நிலம் சொந்தமாக இல்லாவிட்டாலும் குத்தகைச் சீட்டாவது கையில் இருக்கும். படகை வாடகைக்கு விட்டு ஜீவனம் நடத்துகிறவருடைய நிலைமையோ சற்று விசித்திரமானது. தம்முடையவை என்று அவர் சொல்லிக்கொள்ளக்கூடியவை நாலைந்து படகுகளும், அவற்றுக்கான துடுப்புகளும், கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையும் மட்டுமே. பிரயாணிகள் பணம் கொடுப்பதோ தண்ணீரின் அமைதிக்கும், கரையோரத்து மரநிழலுக்கும், தலைக்கு மேலே பறந்து போகிற நாரைக் கூட்டத்துக்கும். இவற்றில் ஒன்றுகூடப் படகுக்காரருக்குச் சொந்தமில்லை. ஒன்று கெட்டுப்போனால் வேறொன்றைச் சந்தையில் வாங்கிவந்து அந்த இடத்தை நிரப்பவும் அவரால் முடியாது. பிறர் முதலை வைத்து வாணிபம் செய்வது போன்ற இந்தத் தொழிலில், தம் ஆசைக்குத் தாமே எல்லை கட்டிக்கொள்ளத் தெரிந்தவரே நிலைத்து நிற்கிறார் என்பது, நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள படகுத்துறைகள் சிலவற்றின் கதையைக் கவனித்தால் விளங்கும்.

படகுச் சவாரி என்றால் விசைப்படகின் வேகமும் அது கிளப்புகிற நுரையும்தான் என்ற அபிப்பிராயம் பரவியிருக்கிற இந்நாளில், நீரையும் காட்டையும் கெடுக்காமல், உள்ளூர் ஜனங்களே சிறிய அளவில் நடத்தக்கூடிய படகுத் தொழில் எவ்வாறு நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிந்துகொள்ளப் பிச்சாவரத்தைவிட ஏற்ற இடம் தமிழ்நாட்டில் இல்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்தில், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கிற முகத்துவாரங்களுக்கு நடுவில், நூற்றுக்கணக்கான திட்டுகளும் அவற்றைச் சூழ்ந்த வாய்க்கால்களுமாக விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டதால் ஒரு திட்டுக்கு எம்.ஜி.ஆர். திட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2022ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில், 1,478 ஹெக்டேர் விஸ்தீரணத்தோடு பிச்சாவரமும் சேர்க்கப்பட்டது. படகு குழாமை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். ஆயினும் துடுப்புப் பிடிக்கிறவர்கள் சுற்றுவட்டாரத்துக் கிராமத்தார். நாளைக்கே ஒரு தனி மனிதரோ, மீனவர் சங்கமோ வேறொரு கழியில் நாலு படகு விட எண்ணினால், கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தத் துறையிலேயே இருக்கிறது.

துறையை விட்டுப் புறப்பட்டவுடன் அகன்ற நீர்ப்பரப்பு; அதைக் கடந்ததும் சுரபுன்னை மரங்களின் தாங்கு வேர்கள் இருபுறமும் வளைந்து வளைந்து நீரில் ஊன்றியிருக்கிற குறுகிய வாய்க்காலுக்குள் படகு நுழைகிறது. அங்கே துடுப்பை விரித்துப் போட இடமில்லை. படகோட்டி துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, தாழ்ந்து தொங்குகிற கிளையை ஒரு கையாலும் பக்கத்து வேரை மறு கையாலும் பற்றி, தள்ளியும் இழுத்தும் படகை முன்னே கொண்டுபோகிறார். “தலையைக் குனிஞ்சுக்குங்கம்மா, கையை வெளியிலே போடாதீங்க, வேரிலே சிப்பி ஒட்டியிருக்கும், கிழிச்சிடும்” என்று அவர் சொல்கிற எச்சரிக்கைதான் சற்று நேரத்துக்குக் காதில் விழுகிற ஒரே மனிதக் குரல். சேற்றில் தத்தித் தாவுகிற சிறு மீன்களும், வேரைச் சுற்றி ஓடி ஒளிகிற நண்டுகளும், அசையாமல் நிற்கிற கொக்கும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. நீர் ஏறுகிற வேளையில் எந்த வாய்க்கால் வழி விடும், வற்றுகிற வேளையில் எது படகைச் சேற்றில் உட்காரவைத்துவிடும் என்பது படகோட்டிக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, மீன் பிடித்தும் இறால் பிடித்தும் வளர்ந்த கைகளில் ஊறியிருக்கிறது. படகுக்கு அடுத்தபடியாக, இந்த ஞானம்தான் இத்தொழிலின் இரண்டாவது மூலதனம். படகு வாங்கப் பணம் கொடுக்கிற வங்கி எந்த ஊரிலும் இருக்கும். இந்த ஞானத்தைக் கடனாகக் கொடுக்கிற வங்கி கிடையாது.

இத்தகைய இடத்தில் எஞ்சின் பொருத்துவதால் வருகிற இலாபத்தையும் நஷ்டத்தையும் பட்சபாதமின்றி எண்ணிப் பார்க்க வேண்டும். இலாபம் வெளிப்படையானது: ஒரு மணி நேரத்துச் சுற்று இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், ஒரே நாளில் மூன்று மடங்கு ஆட்களை ஏற்றலாம். நஷ்டம் உடனே தெரிவதில்லை. விசைப்படகு எழுப்புகிற அலை கரைச்சேற்றைச் சிறிது சிறிதாக அரித்து வேர்களை வெளிப்படுத்துகிறது. பழைய மாதிரி இருவீச்சு எஞ்சின்களில் எரிபொருளின் கால் பங்குவரை எரியாமலே நீரில் போய்ச் சேர்வதுண்டு. இரைச்சல் கேட்ட பறவை எழுந்து பறந்துவிடுகிறது. எந்தப் பறவையைப் பார்ப்பதற்காக ஜனங்கள் பணம் கொடுத்து ஏறினார்களோ அந்தப் பறவையைத் துரத்திக்கொண்டே போகிற படகு, தன் சரக்கைத் தானே அழித்துக்கொள்கிற வியாபாரம் அல்லாமல் வேறென்ன? அகன்ற நீர்ப்பரப்பில், நெடுந்தூரம் போக வேண்டிய இடத்தில், அவசர உதவிக்கு ஓட வேண்டிய சந்தர்ப்பத்தில் விசைப்படகு அவசியம்தான். அதை மறுப்பது மூடத்தனம். குறுகிய வாய்க்காலுக்குள் அதற்கு வேலை இல்லை.

காடு தானாகவே இருந்துகொண்டிருக்கும் என்று நினைப்பதும் தவறு என்பதற்குப் பிச்சாவரமே சாட்சி. முற்காலத்தில் விறகுக்கும் மரத்துக்குமாக இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியபோது, வெயில் நேரே விழுந்து மண் காய்ந்து அமுங்கி, நடுவிடங்கள் தொட்டிபோலப் பள்ளமாயின. ஏறுகிற நீர் உள்ளே வந்து தேங்கியது; வெளியேற வழியில்லாமல் ஆவியாகி உப்பு மிஞ்சியது; அந்த உப்பில் கன்று எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மீனின் முள்ளைப் போன்ற அமைப்பில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, கடல்நீர் வந்து போக வழி செய்த பிறகே காடு மீண்டும் தழைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களைவிட, மறைப்பின்றிக் கடலை நோக்கியிருந்த குடியிருப்புகளே மிகுதியாக அழிந்தன என்பதைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே படகு விடுகிறவர் வாய்க்காலில் ஒதுங்குகிற பிளாஸ்டிக்கை அள்ளுவதும், ஒடிந்த கிளை நீரோட்டத்தை அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் தர்ம காரியம் அல்ல. கடைக்காரர் கூரை மாற்றுவது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமான பராமரிப்புச் செலவு.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். ஒருவரிடம் ஆறு படகுகள் இருப்பதாகவும், படகுக்கு நாலு பேர் வீதம் ஏற்றுவதாகவும், ஒரு சுற்று ஒரு மணி நேரம் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். படகோட்டியின் ஓய்வையும், நீர் வற்றுகிற வேளையையும் கழித்துவிட்டால் ஒரு படகு நாளைக்கு ஐந்து சுற்றுக்கு மேல் போகாது. ஆக மொத்தம் 30 சுற்று, 120 பேர். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வந்து வரிசையில் நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை பதினைந்து பேர் வந்தால் புண்ணியம். இந்த ஏற்றத்தாழ்வுதான் இத்தொழிலின் தீராத நோய். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து மனம் மயங்குகிறவர் கடன் வாங்கி இன்னும் நாலு படகு சேர்ப்பார். செவ்வாய்க்கிழமை பத்துப் படகும் கரையில் கிடக்கும், கடன் தவணைமட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளாது. படகு சேர்க்க வழியில்லாதவர் நாலு பேர் உட்காருகிற படகில் ஆறு பேரை உட்காரவைப்பார். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், காலம்மட்டும் முன்பின்னாக இருக்கும்.

அனுபவசாலிகள் வேறு வழி பார்க்கிறார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்து, 120 பேருக்குமேல் அன்றைக்குச் சீட்டு இல்லை என்று பலகையில் எழுதிவிடுகிறார்கள். விடுமுறை நாளில் கட்டணத்தைச் சற்று உயர்த்தி, வார நாட்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குறைக்கிறார்கள். பறவை பார்க்கிறவர்களுக்கென்று விடியற்காலையில் தனிச் சுற்று வைத்தால், அதற்கு மற்றச் சுற்றைவிடக் கூடுதலாகக் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை; படகில் இரண்டு பேர் போனாலும் நாலு பேர் கொடுக்கிற பணம் வந்துவிடுகிறது. வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்குப் பதிலாக, ஒருவரை அதிக நேரம் இருக்கச் செய்வதிலேதான் சிறு முதலாளியின் சாமர்த்தியம் இருக்கிறது. இதோடு, பிச்சாவரம் இருக்கிற கடலூர்க் கரையில் வடகிழக்குப் பருவம் என்றால் புயல் என்று பொருள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் இந்தக் கரையைக் கடந்தபோது விளைந்த நாசத்தை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஆகையால் வருஷத்தில் இரண்டு மாதமாவது படகு ஓடாது என்று எண்ணியே கணக்குப் போட வேண்டும். பன்னிரண்டு மாத வருமானத்தை எதிர்பார்த்துத் தவணை கட்ட ஒப்புக்கொண்டவர் கார்த்திகை மாதத்தில் தூக்கம் இழப்பார்.

ஒரு படகில் இன்னும் இரண்டு பேர் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011இல் கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காடு ஏரியில், உல்லாசமாகப் போன குடும்பத்தாரில் இருபதுக்கு மேற்பட்டோர் மூழ்கினர். 2023 மே 7ஆம் தேதி கேரளத்துத் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18ஆம் தேதி வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிக் குழந்தைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். ஊர்களும் படகுகளும் வெவ்வேறாக இருந்தபோதிலும், அளவுக்கு மீறிய பாரமும், அணியப்படாத உயிர்காப்பு உடுப்பும் இவற்றில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. படகு கவிழ்கிற விதத்தைப் புரிந்துகொள்ளப் பௌதிக சாஸ்திரம் அதிகம் வேண்டியதில்லை: தலையில் குடம் சுமக்கிறவள், இடுப்பில் சுமக்கிறவளைவிட எளிதில் தடுமாறுவாள், பாரம் உயர உயர நிலை குலைகிறது. மேல்தளத்தில் கூட்டம் ஏறி, யானையையோ பறவையையோ படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் கீழ்ப்பக்க விளிம்பு நீரைத் தொடும். நீர் உள்ளே வந்தால் அதுவும் அந்தப் பக்கத்துக்கே ஓடிப் பாரத்தைக் கூட்டும். அதற்குப் பிறகு நடப்பதைத் தடுக்கச் சில விநாடிகளுக்குமேல் கிடைப்பதில்லை. உயிர்காப்பு உடுப்பு படகின் மூலையில் மூட்டையாகக் கிடப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றே.

சட்டம் இல்லாமலில்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பதிவும் பரிசோதனைச் சான்றும் காப்பீடும் ஓட்டுகிறவருக்குத் தகுதியும் வேண்டும் என்கிறது. எஞ்சின் இல்லாத கலங்களுக்கும் அதில் தனிப்பகுதி உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்பைப் பற்றியே வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அலையாத்திக் காடுகள் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கண்டிப்பான வகுப்பைச் சேர்ந்தவையாதலால், துறையை ஒட்டிச் சிமெண்டுக் கட்டடம் எழுப்பலாம் என்ற எண்ணத்தையும் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நலம். படகுக்காரர்களுக்கு இதெல்லாம் தொந்தரவாகத் தோன்றுவது இயற்கை. ஒரே ஓர் ஊரில் ஒரே ஒரு படகு கவிழ்ந்தாலும், அதற்குப் பிறகு மாவட்டம் முழுவதும் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களின் படகுகளும் சேர்த்துக் கட்டிப்போடப்படுகின்றன என்பதை எண்ணினால், பழவேற்காட்டில் விபத்துக்குப் பின் படகுச் சவாரிக்கே தடை வந்ததை நினைத்தால், விதியைக் கேட்டு வாங்க வேண்டியவர்களே படகுக்காரர்கள்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிறியதாகத் தொடங்கிய ஒன்று எல்லை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மலைக்கு அப்பால் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 96 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற இந்தக் காயலின் தென்பகுதியில், கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற குட்டநாட்டில், பாதை போடுவதற்கு முன் வண்டியும் வள்ளமே, வீதியும் தண்ணீரே. அங்கே நெல் மூட்டைகளைக் கொச்சிக்கு ஏற்றிப் போனவை கெட்டுவள்ளங்கள். ஆஞ்சிலி மரப் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இடுக்கில் தேங்காய் நாரை அடைத்து, உள்ளே ஓர் ஆளும் வெளியே ஓர் ஆளுமாகக் கயிற்றை மாறி மாறி வாங்கி இறுக்கித் தைத்துவிடுவார்கள். ஆணி என்பதே கிடையாது. தைத்தபின் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசிப் பூசிக் கறுப்பாக்குவார்கள்; அந்த எண்ணெய் பலகையையும் கயிற்றையும் பூச்சியிலிருந்தும் நீரிலிருந்தும் காக்கும். தையல் தளர்ந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். ஒரு பலகை உளுத்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். தலைமுறை தாண்டி உழைத்த வள்ளங்கள் அவை. இன்று வெயிலில் வெடித்து, ஒட்டவும் எரிக்கவும் முடியாமல் கரையோரம் குவிந்து கிடக்கிற கண்ணாடி இழைப் படகுகளைப் பார்க்கும்போது, சிக்கனம் என்பது முதல் விலையில் இல்லை, கடைசி வரை கூட்டிப் பார்ப்பதில் இருக்கிறது என்பது பிரத்தியட்சமாகிறது.

லாரியும் பாலமும் வந்தபின் வேலையிழந்த இந்த வள்ளங்களின்மேல் 1990களில் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, படுக்கை போட்டு, பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது மிக நல்ல யோசனை. அழிய இருந்த ஒரு தச்சுக்கலை பிழைத்தது. ஓடக்காரர்களுக்கு ஜீவனம் கிடைத்தது. பிறகு ஓர் அறை இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. குளிர்சாதனம் வந்தது, அதற்கு மின்சாரம் தர டீசல் ஜெனரேட்டர் வந்தது. குளியலறையும் கழிப்பறையும் வந்தன. நூற்றுக்கணக்கில் பெருகிய வீட்டுப்படகுகளின் எண்ணெய்ப் படலமும் கழிவும் சேருகிற அதே நீரில்தான் குட்டநாட்டார் துணி துவைக்கிறார்கள், கறுப்புச் சிப்பி வாருகிறார்கள், கரிமீன் பிடிக்கிறார்கள். கழிவைத் தொட்டியில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி உண்டு. விதியைப் பின்பற்றுகிறவரின் செலவு கூடுவதும், பின்பற்றாதவர் கட்டணத்தைக் குறைத்துக் கூட்டத்தை இழுப்பதும் அங்கேயும் உண்டு. பழி முழுவதையும் படகுகளின்மேல் போடுவதும் நியாயமாகாது. 1970களில் உப்புநீர் வயலில் ஏறாமல் தடுக்கக் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடை மாதங்களில் மூடப்படும்போது, காயலின் தென்பாதி ஓட்டமின்றித் தேங்குகிறது, வயலிலிருந்து வருகிற உரமும் மருந்தும் அதில் கலக்கின்றன, ஆகாயத்தாமரை செழிக்கிறது. பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டித் திறந்துவிட்ட நீரோட்டம் இங்கே கதவு போட்டு மூடப்படுகிறது என்பதைக் கவனிக்கலாம்.

இந்த வீட்டுப்படகுத் தொழிலிலும் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. மாலை ஐந்தரை மணி அளவில் வீட்டுப்படகுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் கட்டப்படுகின்றன; இரவு, வலை வீசுகிற மீனவருக்குரியது. ஒரே நீரில் இரண்டு தொழில் சண்டையின்றி நடப்பதற்கு நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதைவிட எளிய உபாயம் இல்லை. இன்னொரு விநோதம்: வீட்டுப்படகில் பெரும் பணம் கொடுத்து வந்தவர்களே, அது நுழைய முடியாத, ‘தோடு’ எனப்படும் சிறு வாய்க்கால்களைப் பார்ப்பதற்காக, கோல் ஊன்றிச் செல்லும் சிறு வள்ளத்தைத் தனியாக வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். அந்த வள்ளக்காரருக்கு எண்ணெய்ச் செலவு இல்லை, ஜெனரேட்டர் இல்லை. போகிற வழியில் கயிறு திரிக்கிற வீட்டிலும், தேநீர் தருகிற வீட்டிலும் நிறுத்தினால் அந்த வீடுகளுக்கும் நாலு காசு கிடைக்கிறது. 2008இல் குமரகத்தில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டம், உள்ளூர்ப் பெண்கள் பயிரிட்ட காய்கறியை விடுதிகள் வாங்கச் செய்ததும் இதே நோக்கத்தில்தான். ஆனால் ஒன்று: தோடு என்பது அங்குள்ளவர்களின் வீட்டு வாசல். பெண்கள் குளிக்கிற துறையைக் கடக்கும்போது படம் எடுக்கக் கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிடுகிற வள்ளக்காரரை ஊரார் தம்மவராக நினைக்கிறார்கள். சொல்லாதவருடைய வள்ளத்தின்மேல் என்றாவது கல் விழும்.

எஞ்சின் தவிர்க்க முடியாத இடத்துக்கும் இன்று வழி பிறந்திருக்கிறது. 1924ஆம் ஆண்டுப் போராட்டத்தால் தமிழர் நன்கறிந்த வைக்கத்திலிருந்து காயலைக் கடந்து தவணக்கடவுக்குச் செல்லும் ‘ஆதித்யா’ என்ற அரசுப் படகு, 75 பேரை ஏற்றிக்கொண்டு 2017 ஜனவரி முதல் சூரிய ஒளியிலேயே ஓடுகிறது. இரைச்சலும் இல்லை, புகையும் இல்லை. சிறு தொழிலாளிக்கு இதில் இருக்கிற சங்கடம் மின்கலத்தின் விலை. முதலில் கொட்ட வேண்டிய பணம் அதிகம், பிறகு வருகிற செலவு மிகக் குறைவு. நாலு படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமாக வாங்கினால் தாங்கும். தனியாக வட்டிக்கு வாங்குகிறவருக்கு, இப்போதைக்கு, துடுப்பே மேல்.

எல்லை கட்டுவதென்றால் எத்தனை காலம் கட்ட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு பதில் உண்டு. ஸ்லொவேனியா நாட்டின் பிளெட் ஏரி நடுவே ஒரு சிறு தீவும் அதில் ஒரு மாதா கோயிலும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் மரியா தெரேசா மகாராணி, யாத்திரிகர்களைத் தீவுக்கு ஏற்றிச் செல்லும் உரிமையை உள்ளூரில் இருபத்திரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்தாள் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். அந்த உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. ‘பிளெட்னா’ எனப்படும் அந்தத் தட்டைப் படகுகளின் எண்ணிக்கை இன்றும் ஏறக்குறைய அவ்வளவேதான். படகோட்டி பின்புறத்தில் நின்றுகொண்டு இரண்டு துடுப்புகளால் வலிக்கிறார். ஏரியில் விசைப்படகுக்கு அனுமதி இல்லை. கோடையில் உலகமெங்கிலுமிருந்து கூட்டம் வருகிறது, காத்திருக்கிறது, யாரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதில்லை. உரிமை சில குடும்பங்களிலேயே நின்றுவிடுவதில் உள்ள அநீதியை நான் மறக்கவில்லை. நம் ஊரில் அப்படிச் செய்தால் சாதிச் சண்டையாகத்தான் முடியும். ஆனால் படகின் எண்ணிக்கையை நிர்ணயித்து, துடுப்புப் பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் முறைவைத்து வேலை கொடுக்க நம்மால் முடியாதா என்ன?

முறை என்று சொன்னதால் கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் படகோட்டி வேகமாகத் திரும்பத்தான் பார்ப்பார். பறவையைக் காட்டவும், மரத்தின் பெயர் சொல்லவும் அவருக்குப் பொழுது இருக்காது. நாள் சம்பளமும், கூட்டத்துக்கு ஏற்பச் சிறு பங்கும் என்று வைத்த இடத்தில் அவர் நிதானமாக வலிக்கிறார். கையில் வலிவு குறைந்த முதியவரைச் சீட்டு எழுதவும், உடுப்பு மாட்டிவிடவும் துறையில் வைத்துக்கொண்டால், நீரைப் பற்றிய அவருடைய ஞானம் வீணாவதில்லை. காற்று எழும்புகிற நேரத்தில் “இன்னிக்குப் போதும், கட்டிடுங்க” என்று சொல்கிற அதிகாரம் முதலாளியிடம் இல்லாமல் இவரிடம் இருக்குமானால் மிக உத்தமம். மாலைக் கூட்டத்தின் வருமானத்தை விட்டுக்கொடுத்துப் படகைக் கட்டச் சொல்ல, பணப்பெட்டியில் கை வைத்திருப்பவருக்கு மனம் வராது.

கடைசியாக வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். விடுமுறையில் எந்தத் துறைக்குப் போனாலும், ஏறுமுன் இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள்; அந்த எண்ணிக்கைக்குமேல் ஒருவர் ஏறினாலும், பணம் போனால் போகட்டும் என்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். உயிர்காப்பு உடுப்பின் வாரைக் குழந்தைக்கு நீங்களே இழுத்துக் கட்டுங்கள். பொழுது சாய்ந்தபின் படகில் ஏறாதீர்கள். கொண்டுபோன தண்ணீர்ப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சீட்டு முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்கிற படகுக்காரரிடம் சிபாரிசும் கோபமும் காட்டாமல், அடுத்த நாள் அவரிடமே போங்கள்.